ரோஸ் மருந்தில் கழுவிய கைகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. எழுபதுகளின் கடைசியில், எங்கள் தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில் இருந்த பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேயிலை நடுவதென்று முடிவானது. இது விதையில் முளைத்த செடி இல்லை. நன்றாகக் கொழுந்து கொடுக்கும் ஒரு தாய்ச்செடியின் கிளையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மண் நிரப்பிய பைகளில் ஊன்றி, வேர் பிடிக்க வைத்த செடி.

2. அந்த நாற்றுப்பண்ணைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து போய், விவசாய டிப்ளோமா முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய முதல் பெண் நான்.

3. விதையில்லாமல் வந்த செடியைத் தொடுகிற பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று லயத்தில் பேச்சு எழுந்தது.

4. அது பொய் என்று நான் சொன்னேன்.

5. என் பேச்சை நம்பி என் அண்ணி நாற்றுப்பண்ணையில் வேலைக்கு இருந்தாள். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி.

6. நாற்றுப்பண்ணைத் தூணில் நான் ஒரு தாள் ஒட்டினேன்.

7. அண்ணியின் பிள்ளை தங்கவில்லை.

இந்த ஏழில் நான்காவதில் நான் சொன்னது இன்றைக்கும் உண்மை. ஏழாவதைப் பார்த்தவர்கள் யாரும் நான்காவதை நம்புவதில்லை. ஆறாவதைப் பற்றி என்னைத் தவிர யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீடு லயத்தில் கடைசி வீடு. அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டினான். அம்மா கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தாள். அண்ணி கல்யாணமாகி வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒருமுறை தங்கி, இரண்டாம் மாதமே போய்விட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் அம்மா வேறொரு பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பது அண்ணிக்குத் தெரியும். அம்மா அதை மறைக்கவும் இல்லை. "பேரப்புள்ளய பாக்காம நான் கண்ண மூட மாட்டேன்" என்று சட்டி கழுவிக்கொண்டே சொல்வாள். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி, "அப்ப ரொம்ப நாளு இருப்பீங்க அத்த, நல்லதுதானே" என்பாள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு.

பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி கோலா தெர்லாவில் குத்தகை நிலத்தில் தக்காளி போடுகிறவர். அந்த வருடம் பொட்டலத்தில் வந்த புது விதை வாங்கிப் போட்டார். காய் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காமல் காய்த்தது. மாமா வழக்கம்போல நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த போகத்துக்கு விதைத்தார். வந்த செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சிலது குட்டையாக நின்றது. சிலது கோலிக்குண்டு அளவு காய்த்தது. சிலது பூவோடு சரி.

சனிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங் ஊரில் கூடும் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் மாமாவும் அவருடைய தக்காளிக் கூடைகளும் இருப்பார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் அவரிடம்தான் வாங்குவார்கள். நானும் அண்ணியும் போய் நின்ற அன்று மாமா ஒரு கூட்டத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வெதலா. மொத தடவ அள்ளிக் குடுக்கும். அது பெத்தது இருக்கே, அதுக்குப் புள்ள பொறக்காது. மலட்டு வெத."

"மாமா, அது மலடு இல்ல. ரெண்டு ஜாதியச் சேத்து எடுத்த வெத. அடுத்த தலமுறைல ரெண்டு ஜாதியும் பிரிஞ்சு கலந்து வரும். அதான் ஒரே மாதிரி வரல" என்றேன்.

மாமா ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். "நீ படிச்சவ. நான் நட்டவன். எம்பூட்டு நஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். பார்த்ததற்கு அவராக ஒரு காரணம் கொடுத்துக்கொண்டார். விதை விற்றவர்கள் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில், மாமாவுக்குத் தெரியாத மொழியில் ஒரு காரணம் எழுதியிருந்தார்கள். அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு தக்காளியிலிருந்து தேயிலைக்கு வந்துவிட்டது. வந்த வழியைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. கம்பெனித் தக்காளிக்காவது முதல் தடவை விதை இருந்தது. மேட்டில் நடப்போகும் தேயிலைக்கு விதையே இல்லை. வெட்டுகிற துண்டு முளைக்கிறது. பூவும் காயும் இல்லாமல் பெருகுவதைத் தொட்டால் தொட்டவளுக்கும் அப்படித்தான் ஆகும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நாற்றுப்பண்ணைக்கென்று பெயர் விழுந்த பெண்கள் வரிசையைவிட்டு நகர்ந்து நின்றார்கள். கல்யாணமாகாத பெண்களை அவர்களுடைய தாய்மார்கள் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் பேசினேன். பெரட்டுக்குப் பிறகு, கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ் படியில் ஏறி நின்று பேசினேன். தாய்ச்செடியை வெட்டாமல் விட்டால் அதுவும் பூக்கும், காய்க்கும் என்றேன். மரவள்ளியை நாம் துண்டு போட்டுத்தானே நடுகிறோம், அதைத் தின்று வளர்ந்தவர்கள்தானே எல்லோரும் என்றேன். அது நல்ல உதாரணம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கூட்டத்தில் ஒரு அக்கா இருந்தார். முன்பு புல்லுக்கு மருந்து அடித்தவர். நகங்கள் கறுத்து விழுந்த பிறகு மருந்தடிப்பை விட்டவர். அவர்தான் கேட்டார்.

"தங்கச்சி, புல்லு மருந்து வந்த அன்னிக்கு விக்க வந்தவன் ஒருத்தன் இதே படியில நின்னான். தண்ணி மாதிரி இதுன்னு வெரல விட்டு நக்கிக் காட்டினான். ஒனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப பள்ளிக்கூடம். நக்கினவன் அன்னிக்கே கார் ஏறிப் போயிட்டான். நாங்க ரெண்டு வருஷம் தோள்ல சொமந்தோம்."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீயும் ஒரு எலயக் கடிச்சுக் காட்டு. பாப்பம்."

கடித்தேன். கசந்தது. மென்று விழுங்கினேன். கை தட்டினார்கள். "செடியப் புடிச்சவ புள்ளயோட வரட்டும், எலயக் கடிச்சவ மாப்பிள்ளையோட வரட்டும்" என்று யாரோ கத்த, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்த அக்காவும் அண்ணியும் உட்பட அன்றே எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

நான் கடித்தது தாய்ச்செடியில் அப்போதுதான் கிள்ளிய தளிர். மருந்தில் முக்காத தளிராகப் பார்த்து எடுத்திருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகள் பூஞ்சாணம் பிடித்து அழுகிவிடும். அதனால் ஊன்றுவதற்கு முன் ஒரு டிரம்மில் கரைத்து வைத்த மருந்தில் முக்கி எடுப்போம். பாதரசம் கலந்த தூள். சாதாரணத் தூள் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அதில் சாயம் சேர்த்திருப்பார்கள். கரைத்தால் ரோஸ் நிறமாக இருக்கும். அம்மன் கோயில் திருவிழாவில் கொடுக்கும் சிராப் தண்ணீர் நிறம். முக்குகிறவளுக்கு மட்டும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை, அதுவும் ஆண்கள் கை அளவில். மற்றவர்கள் ஈரத் துண்டுகளை வெறுங்கையால்தான் எடுத்துப் பையில் ஊன்றினார்கள்.

வீட்டில் அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது உறுதியான பிறகு அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"அந்தச் செடிகிட்ட இவ போகக் கூடாது."

"அம்மா, மேட்டுல கூடைய மாட்டிக்கிட்டு ஏறி எறங்கறதுதான் இவங்களுக்கு ஆகாது. நாத்துப்பண்ணைல நெழல்ல உக்காந்த வேல. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"ஒனக்கென்ன தெரியும்? நீ பெத்தவளா?"

"அத்த, பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். எலயவே தின்னுட்டு நிக்கறா, கல்லு மாதிரி இருக்கா" என்றாள் அண்ணி. அண்ணி என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள்.

ஆனால் எனக்குத் தெரியாமல் அவள் பயந்துகொண்டிருந்தாள். பாதி என் பேச்சை நம்பினாள். மீதிப் பாதியை மாமா வைத்திருந்தார். வயிற்றில் இருப்பது போனால் ஈப்போப் பெண் வருவாள் என்பதும் அந்தப் பயத்தில் சேர்த்தி.

பண்ணை தொடங்கிய முதல் வாரம் நான் தமிழில் ஒரு தாள் எழுதினேன். ஏழு விதிகள். ஆபீஸில் இருந்ததெல்லாம் மலாயிலும் இங்கிலீஷிலும்தான் இருந்தது. பெண்களில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாவது ஆறாவது வரை படித்தவர்கள். மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துச் சொல்வார்கள். நான்காவது விதியை நான் முதலில் எழுதியது இப்படி: "துண்டுகளின் மேல் விஷ மருந்து பட்டிருக்கும். ஆகவே சாப்பிடுவதற்கு முன் கைகளைக் கட்டாயம் கழுவ வேண்டும்."

எதை ஒட்டுவதானாலும் உதவி மேனேஜரான சின்ன துரையிடம் காட்ட வேண்டும். எங்கள் சின்ன துரை வெள்ளைக்காரர் இல்லை, உள்ளூர்க்காரர்தான். துரை என்கிற பெயர் நாற்காலியோடு வந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கிராணி வாசித்து இங்கிலீஷில் சொன்னார். நான்காவது வந்ததும் சின்ன துரை கையை உயர்த்தினார். அந்த ஒரு வார்த்தை வேண்டாம் என்றார். இப்போதுதான் எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், விஷம் என்று எழுதினால் நாளைக்கு எட்டும் போய்விடும். ஆபத்தில்லை என்று நீங்கள்தானே படியில் நின்று சொன்னீர்கள், இப்போது நீங்களே விஷம் என்றால் எதை நம்புவார்கள் என்று கேட்டார்.

செடி வேறு, மருந்து வேறு என்று சொன்னேன். அவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு, கை கழுவினால் சரி என்றார்.

நான் யோசித்தேன். செய்ய வேண்டியதைச் செய்தால் போதும், காரணம் தெரியாவிட்டால் என்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டுத் திரும்ப எழுதினேன். "துண்டுகளைத் தொட்ட பிறகு, சாப்பிடுவதற்கு முன் கைகளைக் கட்டாயம் கழுவ வேண்டும்." கட்டாயம் என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். கோடு போட்டது என் யோசனை.

அந்தத் தாளில் இரண்டாவது விதி: "மருந்தில் முக்காத துண்டை எக்காரணம் கொண்டும் நடக்கூடாது." அதற்கும் சிவப்புக் கோடு.

கை கழுவ வேண்டிய குழாய் பண்ணைக்குக் கீழே ஓடைப் பக்கம் இருந்தது. மண் படி, மழையில் வழுக்கும். பண்ணைக்கு ஒரு பைப் இழுத்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்தே டிரம்மில் மருந்து குறைந்துகொண்டே வந்தது. முக்குகிற துண்டுகள் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைவிட வேகமாகக் குறைந்தது. தினமும் காலையில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து நோட்டில் குறித்துவைத்தேன். கசிவு என்று எழுதினேன். டிரம்மை மாற்றச் சொன்னேன். புது டிரம்மிலும் குறைந்தது. ஆவியாகிறது என்று எழுதி, மேலே ஒரு தகரம் போட்டு மூடச் சொன்னேன். மக்கள் பார்த்ததற்குத் தவறான காரணம் கொடுக்கிறார்கள் என்று மாமாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் இதை எழுதினேன்.

அண்ணியின் கைகளில் கொப்புளம் வந்தது. விரல் இடுக்கில் தொடங்கி மணிக்கட்டு வரை. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, துணி துவைக்கிற சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாரு. ஒன் செடி செய்யற வேலய பாரு."

"செடி இப்படிச் செய்யாதும்மா. சவுக்காரம்தான்" என்றேன். துண்டில் இருக்கும் ஈர மருந்து பட்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள்தான் கை கழுவுகிறாளே என்று அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் நான் வழக்கமாக ஆபீஸுக்குப் போய்ப் பதிவேடு எழுதுவேன். ஒரு நாள் பதிவேட்டைப் பண்ணையிலேயே வைத்துவிட்டேன். எடுக்கத் திரும்பி வந்தேன்.

டிரம்மின் தகரம் கீழே இருந்தது. எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள், கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு. முன்னால் அண்ணி ஒரு பால் டின்னால் மொண்டு ஒவ்வொருத்தி கையிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோஸ் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டியது. சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். கோயிலுக்குள் போகும் முன் கால் கழுவுகிற வரிசை மாதிரி ஒரு ஒழுங்கு.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"கை கழுவறோம். நீதானே எழுதி ஒட்டியிருக்க, செவப்புக் கோடு போட்டு."

"தண்ணியில கழுவணும் அண்ணி!"

"வெறுந்தண்ணில போவுமா அது? செடிக்கே இதுல முக்கித்தானே தோஷத்த எடுக்கறீங்க."

புல்லு மருந்தடித்த அக்கா தாளைக் கைகாட்டினார். "ரெண்டாவது என்ன எழுதியிருக்க? முக்காத துண்ட நடக்கூடாதுன்னு. ஏன்? முக்கினாத்தான் சுத்தம். முக்காதது ஆகாது. அதத் தொட்டுட்டு நாங்க அப்படியே சோத்துல கை வைக்கணுமா? துண்டவிட நாங்க என்ன கொறச்சலா, தங்கச்சி?"

எட்டு முகத்திலும் குழப்பம் இல்லை. அவர்களுடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. செடியில் ஒன்றுமில்லை என்று சொன்னவள், செடியைத் தொட்டால் கையைக் கழுவு என்று எழுதினாள். இரண்டும் சேர வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. செடியில் ஏதோ இருக்கிறது. மருந்து அதை எடுத்துவிடுகிறது. அதனால்தான் படித்தவள் அவ்வளவு தைரியமாகக் கடித்தாள். அவள் கடித்தது மருந்தில் முக்கி எடுத்த இலை.

நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண் படியில் இறங்கினேன். குழாயடியில் அவள் கைகளைத் தேய்த்தேன். கொப்புளம் உடைந்தது, அவள் வலியில் பல்லைக் கடித்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மொத வாரத்துலேருந்து. அஞ்சு வாரம் ஆச்சு. தெனம் ரெண்டு தடவ." பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு சிரித்தபடி சொன்னாள்: "நான் கொஞ்சம் வயித்துலயும் தொட்டுத் தடவிக்குவேன். அவளுங்ககிட்ட சொல்லிடாத, சிரிப்பாளுங்க."

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். பிறகு அது என்ன மருந்து என்று சொன்னேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "விஷம்னா விஷம்னு எழுதறதுக்கென்ன, பாப்பா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து டிரம்மில் யாரையும் மொள்ள விடவில்லை, ஏன் என்பதை மட்டும் மற்ற ஏழு பேரிடமும் சொல்லவில்லை. பதினோரு நாள் கழித்து அண்ணியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்காவது மாதம் முடிந்திருந்தது. திரும்பி வந்தபோது வயிற்றில் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறது, இதுவாகவும் இருக்கலாம் என்றார். நேர்மையான பதில். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. மருந்து கையைச் சுட்டது என்பது தெரியும். பிள்ளையை எடுத்தது அதுதான் என்று என்னால் எழுத முடியாது. இல்லை என்றும் எழுத முடியாது.

லயத்தில் யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை. விதையில்லாத செடி பிள்ளையைத் தின்றுவிட்டது. மாமா கோலா தெர்லாவிலிருந்து ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னேன்லா, அக்கா" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நான் ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு அறிக்கை எழுதினேன். என்ன நடந்தது, எத்தனை பேர் எத்தனை நாள் கழுவினார்கள், நான்காவது விதியிலிருந்து எந்த வாக்கியம் ஏன் எடுக்கப்பட்டது, குழாய் எங்கே இருந்தது, இனி என்ன செய்ய வேண்டும். ஐந்து அம்சம். சின்ன துரை வாசித்துவிட்டு, மூன்றாவதை எடுத்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. தாளில் எழுத்து உங்களுடையது, என்னுடையது இல்லை என்று நினைவுபடுத்தினார். நான் எடுக்கவில்லை. அறிக்கை எங்கே போனதென்று தெரியாது.

ஆனால் நான்கே நாளில் பண்ணைக்குப் பைப் வந்தது. ரோஸ் மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். மீதி இருந்த டிரம்மை ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டினார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் பூட்டைப் பார்த்தார்கள். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: நம்ம கைய சுத்தம் பண்ணிக்கிட்டிருந்த நல்ல மருந்தப் பூட்டி வச்சிட்டானுங்க.

அன்றுதான் நான் மறுபடி ஆபீஸ் படியில் ஏறினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. செடியில் ஒன்றுமில்லை, மருந்துதான் விஷம், அதை நான் எழுதாமல் விட்டேன் என்று சொன்னேன்.

கூட்டம் கடைசிவரை நின்று கேட்டது. பிறகு அந்த அக்கா பேசினார். அவர் கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது.

"அன்னிக்கு ஒண்ணுமில்லன்ன. இன்னிக்கு மருந்துங்கற. நாளைக்கு யாராச்சும் ஒங்கிட்ட வேற மாதிரி சொல்லச் சொன்னா வேற மாதிரி சொல்லுவ. போ தங்கச்சி, மழ வருது. எங்களுக்கு வேல கெடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. விரலை விட்டு மருந்தை நக்கியவனுக்காவது கார் இருந்தது. நான் படியைவிட்டு இறங்கி அவர்களோடு அதே லயத்துக்கு நடந்தேன்.

அண்ணியிடம் தனியாக ஒருமுறை பேசினேன். செடியால் இல்லை என்பதை மட்டுமாவது அவள் நம்ப வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று நினைத்தேன். அவள் கட்டுப் போட்ட கைகளோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"செடியா மருந்தாங்கறத நீங்க ஆபீஸ்ல வச்சுப் பேசிக்குங்க. நீ எழுதினத நான் செஞ்சேன். மத்தவளுங்களாச்சும் பாதி நாள் மறந்துடுவாளுங்க. நான் ஒரு நாளும் மறக்கல." முறத்தைக் கீழே வைத்தாள். "ஒன் கையெழுத்து அழகா இருக்கும், பாப்பா. நாந்தான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

அந்த வருடமே அண்ணன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அண்ணியைக் கூட்டிக்கொண்டு திரிங்காப் என்கிற ஊருக்குப் போனான். அங்கே பூத்தோட்டம் வைத்திருப்பவரிடம் லோரி ஓட்டுகிறான். ஈப்போப் பெண்ணைப் பற்றிய பேச்சு வந்தபோது அம்மாவிடம் முதல்முறையாகக் கத்தினான். அது ஒன்றுதான் நல்லது என்று சொல்லக்கூடியது.

சென்ற வருடம் தோட்டம் என்னைத் தலைநகர்ப் பக்கம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு உயிரின் மரபணுவை எடுத்து இன்னொரு செடிக்குள் வைக்க முடிகிறது, வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் செய்துவிட்டார்கள், நம் வயலுக்கும் ஒரு நாள் வரும் என்று பாடம் எடுத்தவர் சொன்னார். எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. செய்ய முடியும் என்றும், செய்வது சரியாக இருக்கலாம் என்றும் நினைக்கிறேன். கடைசியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். தொழிலாளர்கள் பயந்தால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. என் பக்கத்தில் இருந்தவர் "ஆபத்தில்லை என்று விளக்குவேன்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். எதெல்லாம் தெரியும், எதெல்லாம் தெரியாது, கூடவே என்னென்ன மருந்து வரும், அதன் பெயர் என்ன, எந்த மொழியில் எழுதப்படும், குழாய் எவ்வளவு தூரம், எழுதியதை வெட்டும் அதிகாரம் யாருக்கு. தாள் திரும்பி வந்தபோது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத விவரங்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தது.

இப்போது நிலைமை இதுதான். மேட்டில் புதுத் தேயிலை நன்றாக வந்திருக்கிறது. பழையதைவிடக் கூடுதலாகக் கொழுந்து கொடுக்கிறது. புதிதாக நட்ட செடி நிரையில் முதல் முதலாகக் கிள்ளும் கொழுந்தை முனியாண்டி கல்லுக்கு வைப்பது எங்கள் வழக்கம். அங்கே மட்டும் யாரும் வைக்கவில்லை. நாள் தள்ளிப்போன பெண், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொன்னால், அவர் அவளை மேட்டிலிருந்து எடுத்துக் கீழ் நிரைக்கு மாற்றிவிடுவார். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்குத் தெரியும், நான் தடுப்பதில்லை. கீழ் நிரையில்தான் இன்றும் புல்லு மருந்து அடிக்கிறார்கள் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு கீழேயே போனார்கள். நாற்றுப்பண்ணையில் இப்போது பெரிய பலகை இருக்கிறது, விஷம் என்ற வார்த்தையோடு, நானே எழுதியது. யாரும் நின்று வாசிப்பதில்லை. மாமா பொட்டல விதையைத்தான் போடுகிறார், ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்குகிறார். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. தீபாவளிக்கு வந்தால் அம்மாவிடம் பேசுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.